குடியை விட்ட வாரத்தில் தூக்க மாத்திரை: கொடுக்கலாமா, நிறுத்தலாமா?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு 43 வயது. எஸ்டேட்டில் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். பல வருடக் குடி. கடைசியில் தினமும் ஒரு ஆஃப் இல்லாமல் முடியாது என்றாகி, காலையில் கை நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங் வேண்டியிருந்தது. இரண்டு வருடம் முன்பு சபரிமலைக்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தியபோது இரண்டாம் நாளே வலிப்பு வந்துவிட்டது. அந்தப் பயத்தில் இந்த முறை சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாள் வைத்திருந்தோம். அங்கே நடந்த ஒன்று எனக்கு இன்னும் புரியவில்லை. முதல் மூன்று நாள் அசந்து தூங்கினவரை ராத்திரியில் எழுப்பி எழுப்பிப் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் இவரே தூக்கம் வரவில்லை, இன்னொரு மாத்திரை கொடுங்கள் என்று கெஞ்சினார். தர முடியாது என்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. சீட்டில் எழுதின மாத்திரை குறைந்துகொண்டே வருகிறது, தூக்கமும் குறைந்துகொண்டே வருகிறது. ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கினால் பெரிது. கொழுந்தனார் தெரிந்த மெடிக்கலில் சொல்லி ஆல்ப்ரசோலம் அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாமியாரோ, "சாராயத்தை விட்டுட்டு மாத்திரைக்கு அடிமையாகறதா, எல்லாத்தையும் நிறுத்து" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இன்னொன்று: எஸ்டேட்டில், "தூக்கம்தான் வரலையே, ராத்திரி வாட்ச்மேன் வேலை பாரு" என்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கொழுந்தனார் வாங்கி வந்த அட்டையைக் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே இந்த இரண்டு வரியையும் உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். மீதியை இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம், இந்தக் குழப்பம் உங்கள் வீட்டோடு நிற்கிற குழப்பம் இல்லை. குடியை நிறுத்தக் கூட்டிவரும் பல குடும்பங்களில் ஒருவர் கூடுதலாக மாத்திரை கேட்பார், இன்னொருவர் இருக்கிற மாத்திரையைப் பிடுங்குவார். இரண்டுமே பாசத்தில் செய்வதுதான்.

உங்கள் கணவருக்கு அந்த ஆறு நாளும் கொடுத்த மாத்திரையின் வேலை மூளையைக் காப்பது. தூக்கம் அதோடு கூட வந்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஒரு ஆஃப் என்றால் 375 மில்லி. நம் ஊர்ச் சரக்கில் அது ஏறத்தாழ 125 கிராம் சுத்தமான ஆல்கஹால். தினமும் அவ்வளவு உள்ளே போனால் மூளை அமுங்கிக் கிடக்கும். ஆனால் மூளை சும்மா கிடக்கிற ஜாதி இல்லை. அந்த அமுக்கத்தை மீறி வேலை பார்க்கப் பழகிக்கொள்ளும். அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்துக்கு மசியாமல் போகும். கிளப்பிவிடும் குளூட்டமேட் பக்கம் கை ஓங்கும். சரக்கு உள்ளே இருக்கும்வரை இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். ஒருநாள் திடீரென்று சரக்கு நின்றால், ஈடுகட்ட ஆளில்லாமல் கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மாலை போட்டபோது அவருக்கு வந்தது இதுதான். கார்த்திகை முதல் வாரத்திலும், ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் நாட்களிலும் சேலத்தில் எங்கள் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இப்படி வலிப்போடு வருபவர்களைப் பற்றி. சாமி குத்தம் என்று நினைத்து முதலில் மந்திரிக்கப் போய்விட்டுத் தாமதமாக வருபவர்களும் உண்டு.

மிக மோசமான கட்டம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று நாங்கள் சொல்வதை ஊரில் ஜன்னி என்பார்கள். ஆள் விழித்துத்தான் இருப்பார், ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார். போர்வையில் இல்லாத நூலைப் பிடித்துப் பிடித்து இழுப்பார். ஓட்டுநராக இருந்தால் கட்டிலிலேயே உட்கார்ந்து ஸ்டீயரிங் திருப்புவார். இதை வார்டில் பார்த்த மனைவிமார் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்பார்கள். காய்ச்சல் ஏறும், நாடித்துடிப்பு எகிறும். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிர் போகலாம். முன்பே ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஒவ்வொரு முறை குடித்து, நிறுத்தி, மறுபடி குடித்து நிறுத்தும்போதும் மூளையின் பொறுமை குறைகிறது. அதனால் நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தது சரியான முடிவு.

இந்த நாட்களைக் கடக்கக் கொடுப்பதுதான் பென்சோடயசெபைன் வகை மாத்திரை. பெரும்பாலும் குளோர்டயசெப்பாக்ஸைடு, 1960-இல் லிப்ரியம் என்ற பெயரில் வந்த அதே பழைய மருந்து. டயசெபாமும் கொடுப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராசெபாம். சாராயம் மூளையில் எந்த இடத்தில் வேலை செய்ததோ ஏறக்குறைய அதே இடத்தில் இவையும் வேலை செய்யும். உங்கள் வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள், அவருக்குச் சட்டென்று பிடிபடும்: லோடு ஏற்றின வண்டியை ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் நியூட்ரலில் போட்டு யாரும் இறக்க மாட்டார்கள், இரண்டாவது கியரில் போட்டுத்தான் இறக்குவார்கள். இந்த மாத்திரைதான் அந்தக் கியர். அடிவாரம் வரும்வரை அதை எடுக்கக் கூடாது.

சரி, தூங்கினவரை ஏன் எழுப்பினார்கள்?

அடுத்த தடவை யாரையாவது பார்க்க வார்டுக்குப் போனால் கவனியுங்கள். நர்ஸ் வந்து, "கையை நீட்டுங்க, விரலை விரிங்க" என்பார். விரல் நுனியில் ஒரு நிமிடம் கண் இருக்கும். உள்ளங்கையையும் நெற்றியையும் தொட்டு ஈரம் பார்ப்பார். "இது எந்த ஊரு, இன்னிக்கு என்ன கிழமை?" என்பார். உடம்பில் எதுவும் ஊர்கிற மாதிரி இருக்கிறதா, சத்தம் கேட்கிறதா, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா, தலைவலி உண்டா என்று கேட்டுத் தாளில் மார்க் போடுவார். கனடாவின் டொரன்டோவில் உருவாகி 1989-இல் சுருக்கி வெளியான அளவுகோல் அது. பத்து விஷயங்கள், மொத்தம் 67 மார்க். மார்க் ஏறினால் மாத்திரை கூடும், இறங்கினால் குறையும். அந்தப் பத்தில் தூக்கம் என்ற ஒன்று கிடையவே கிடையாது.

ஆழ்ந்து தூங்குகிறவரை எழுப்பாமல் இதில் பாதியைப் பார்க்க முடியாது. கண்ணை மூடிக் கிடப்பதெல்லாம் தூக்கமும் அல்ல. மாத்திரை கூடிப்போய் மயக்கத்தில் கிடக்கலாம். போதையில் எப்போதோ கீழே விழுந்து தலைக்குள் கசிந்த ரத்தம் இப்போது வேலையைக் காட்டலாம். சர்க்கரை இறங்கியிருக்கலாம். எழுப்பினால் எழுந்து, சலித்துக்கொண்டே ஊர் பேரைச் சரியாகச் சொல்லிவிட்டால் நர்ஸுக்கு நிம்மதி. உங்கள் கணவரைப் போல முன்பே வலிப்பு வந்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் மார்க்கைப் பார்க்காமல் நேரம் தவறாமல் கொடுப்பதும் உண்டு. ரொம்ப அசந்திருந்தால் மட்டும் ஒரு வேளையைத் தள்ளிப்போடுவார்கள். இதனால்தான் தூங்கினவரை எழுப்பிக் கொடுத்தார்கள். சில வேளை எழுப்பிப் பார்த்துவிட்டுக் கொடுக்காமலும் போயிருப்பார்கள், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஐந்தாம் நாள் கதை இதன் மறுபக்கம். நடுக்கம் நின்றுவிட்டது, வியர்வை இல்லை, பேச்சு தெளிவு. தூக்கம் மட்டும் இல்லை. அப்படியானால் அந்த மாத்திரை வந்த வேலை முடிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தூக்கத்துக்காக அதைக் கூட்டினால், முடிய வேண்டிய மருந்து முடியாமல் நீளும். கெஞ்சினவருக்கு மறுத்த டியூட்டி டாக்டர் கடுமையாகப் பேசியிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் மறுத்தது சரி. உட்கார்ந்து இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டி வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் ஆறாம் நாளில் புதிதாகத் தூக்கம் கெட்டால் நாங்கள் யோசிப்பது இன்னொன்றும் உண்டு. பகலெல்லாம் தூங்கி வழிந்து, இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்து, பேச்சில் லேசான தடுமாற்றமும் இருந்தால் அது ஈரல் செயலிழப்பின் முதல் அறிகுறியாக இருக்கலாம். ஈரல் வடிகட்டாத கழிவு மூளைக்குப் போகிறது. இந்த நேரத்தில் தூக்க மாத்திரை கொடுத்தால் ஆள் கோமாவுக்கே போய்விடலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு இது வெறும் 'தூக்கம் மாறிப்போச்சு' என்றுதான் தெரியும். கண் மஞ்சள், வயிறு வீக்கம், நீட்டின கை மணிக்கட்டில் மடிந்து மடிந்து விழுவது, இதில் எது இருந்தாலும் அன்றே காட்டுங்கள்.

போகிற போக்கில் ஒரு விஷயம். வலிக்கிறது என்று அழுதாலும் இடுப்பிலோ நரம்பிலோ ஓர் ஊசி போட்டிருப்பார்களே, அது தயமின், அதாவது வைட்டமின் பி1. "தெம்புக்கு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்கும் குடும்பங்கள் இந்த ஊசியை லட்சியம் செய்வதில்லை. பல வருடம் குடித்தவருக்குத் தயமின் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்சநஞ்ச பி1-ம் தீர்ந்து, நடை தள்ளாடி, கண் ஓட்டம் கெட்டு, ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடலாம். வீட்டில் கொடுக்கச் சொன்ன பி1 மாத்திரையையும் விடாதீர்கள்.

இனி கொழுந்தனாரின் அட்டைக்கு வருவோம். ஆல்ப்ரசோலமும் பென்சோடயசெபைன் குடும்பம்தான். சீட்டில் இருக்கிற மாத்திரை உடம்பில் மெதுவாகக் கரையும். அதன் மிச்சம் நாட்கணக்கில் உள்ளே இருக்கும், தானாகப் படிப்படியாக இறங்கும். அதன் மேலேயே ஆல்ப்ரசோலத்தையும் போட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கும். நடுவில் ஒரு குவாட்டரும் உள்ளே போய்விட்டால் காலையில் எழுப்ப முடியாமல் போகலாம். குறட்டை விட்டுவிட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவர் என்றால் இன்னும் மோசம். அடுத்தது, ஆல்ப்ரசோலம் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும் மருந்து. இறங்கும்போது வருகிற படபடப்பு இன்னொரு மாத்திரையைக் கேட்கும். குடியை விட்டு, ஆறு மாதம் கழித்து ஆல்ப்ரசோலத்தை விட முடியாமல் வருபவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதைத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரும், நினைவிருக்கட்டும்.

அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடித்திருக்கும். 2014-லிருந்து ஆல்ப்ரசோலம், சோல்பிடம் போன்றவை எச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு விற்றோம், எந்த டாக்டர் எழுதினார் என்று மெடிக்கலில் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 'தெரிந்த மெடிக்கல்' என்பது கொழுந்தனாருக்குச் செய்த உதவி என்று நான் நினைக்கவில்லை.

சோல்பிடம் பரவாயில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது தூக்கத்தை மட்டும் குறிவைக்கும் மாத்திரை. வலிப்பைத் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. தூங்கவும் வைக்கும், பாதுகாப்பும் தராது என்பதுதான் இந்த வாரத்தில் அதன் ஆபத்து. சிலர் அதைப் போட்டுவிட்டுத் தூக்கத்திலேயே எழுந்து நடப்பார்கள், சமைப்பார்கள், வண்டியைக் கூட எடுப்பார்கள்; காலையில் ஒன்றும் நினைவிருக்காது. உங்கள் வீடு இருக்கிற மலைச்சரிவில் அது வேண்டவே வேண்டாம். ஏவில் மாத்திரையும் சளி மருந்தும் "பச்சைக் குழந்தைக்கே குடுக்கறதுதானே" என்று கொடுப்பார்கள். அவையும் மூளையைக் குழப்பும், வலிப்புக்கு வழி விடும். குவெட்டியபின் என்ற மாத்திரையைச் சின்ன அளவில் தூக்கத்துக்கு எழுதும் வழக்கம் எங்கள் ஆட்களிடமே பரவியிருக்கிறது. பழக்கமாகாது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். குடி நிறுத்திய முதல் வாரத்தில் அதை மட்டும் தனியாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பின்னால் வேறு காரணம் இருந்து கொடுத்தால் அது வேறு பேச்சு.

மாமியார் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை அவரிடம் சொல்லுங்கள். இந்த மாத்திரை மாதக்கணக்கில் ஓடினால் அடிமையாக்கும், அதுவும் குடித்துப் பழகினவரைச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சீட்டில் முடியும் தேதி இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்: 1-0-2 என்று இரண்டு நாள், 0-0-2 என்று மூன்று நாள், 0-0-1 என்று சில நாள், பிறகு நிறுத்து என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். காலை மாத்திரையை முதலில் எடுத்துவிட்டு ராத்திரி மாத்திரையைக் கடைசிவரை விடுவது வழக்கம். தேதி போட்டு இறங்குகிற சீட்டாக இருந்தால் பயம் வேண்டாம். 'தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளவும்' என்று தேதி இல்லாமல் எழுதியிருந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள். இரண்டாவது சீட்டு, மூன்றாவது சீட்டு என்று அதே மாத்திரை நீண்டாலும் கேளுங்கள். அப்போது மாமியாரையும் கூட்டிப் போகலாம், அவர் கேட்கிற கேள்வி நல்ல கேள்விதான்.

அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள், உங்கள் கண் முன்னால் போடட்டும். வாயில் சாராய வாடை அடித்தால் அந்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். அது நடந்தால் சண்டை பின்னால் போட்டுக்கொள்ளலாம். அவர் எவ்வளவு குடித்தார், கடைசி மாத்திரை எப்போது என்ற இரண்டு தகவலும் அப்போது முக்கியம். திரும்பக் குடிக்க ஆரம்பித்து நாலு நாள் ஆகிவிட்டால் மிச்ச மாத்திரையை வைத்து வீட்டிலேயே நிறுத்திப் பார்க்க வேண்டாம். திரும்ப ஆஸ்பத்திரிதான்.

இந்தச் சீட்டு முடியும்வரை வண்டிச் சாவியும் உங்களிடமே இருக்கட்டும். இந்த மாத்திரை போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு, மலைப்பாதையில் லோடு இறக்குவது அவருக்கு மட்டும் ஆபத்தில்லை. எப்போது திரும்ப ஓட்டலாம் என்பதை அடுத்த செக்கப்பில் டாக்டரே சொல்லட்டும். இந்த முறையும் வலிப்பு வந்திருந்தால் அது இன்னும் தள்ளிப்போகும்.

இப்போது நிஜமான கஷ்டத்துக்கு வருகிறேன். மாத்திரை முடிந்த பிறகும் தூக்கம் சரியாக வராது. இதை டிஸ்சார்ஜ் அன்றே எல்லோருக்கும் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. நடுக்கமும் வியர்வையும் ஒரு வாரத்தில் போய்விடும். தூக்கம் திரும்ப வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். சாராயம் தூக்கம் தந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். சீக்கிரம் மயக்கிப் படுக்க வைத்தது உண்மை. ஆனால் நாலைந்து மணி நேரத்தில் இறங்கியதும் விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து, நெஞ்சு அடித்துக்கொண்டு எழுந்திருப்பார், கேட்டுப் பாருங்கள். ஆழ்ந்த தூக்கத்தையும் கனவுத் தூக்கத்தையும் அது வருடக்கணக்கில் கெடுத்து வைத்திருக்கிறது. இப்போது கனவுத் தூக்கம் மொத்தமாகத் திரும்பி வரும். குடிப்பது போலவே கனவு வரும், வாயில் ருசியோடு எழுந்திருப்பார். நிஜமாகவே குடித்துவிட்டோமோ என்று பதறுவார். அதை உங்களிடம் சொன்னால் சந்தேகப்படாதீர்கள். சொல்கிறவரை நல்லது.

சீட்டு முடிந்த பிறகு செய்ய வேண்டியது இது. (முடிவதற்கு முன் கறாராகத் தொடங்க வேண்டாம், வலிப்பு வந்தவருக்கு இந்த நாட்களில் தூக்கத்தைக் குறைத்துப் பயிற்சி பார்க்கக் கூடாது.) காலையில் எழுந்திருக்கிற நேரம் ஒன்றுதான் நம் கையில் இருப்பது. ராத்திரி எப்படிப் போனாலும் ஐந்தரை என்றால் ஐந்தரைக்கு எழுந்து வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும். பகலில் தூங்கக் கூடாது. குளிருக்கு எட்டு மணிக்கே போர்வைக்குள் போய்விடுவது மலை வீடுகளில் வழக்கம். எட்டிலிருந்து விடியும்வரை படுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்கினால் மீதி நேரமெல்லாம் படுக்கையோடு சண்டைதான். பத்தரை, பதினொன்றுக்குப் படுக்கட்டும். இருபது நிமிடம் போலப் படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காரட்டும், கண் சொருகும்போது திரும்பப் போகட்டும். அங்கே போன் வேண்டாம், மணி பார்ப்பதும் வேண்டாம். குடியை விட்டவர்கள் காப்பியையும் பீடியையும் கூட்டிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காப்பி கூடாது. காப்பி எஸ்டேட்டில் இருப்பவரிடம் இதைச் சொல்வது கொடுமைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். படுக்கும் முன் பீடி கூடாது. புகையிலை தூக்கத்தை விரட்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு இப்படிப் பழக்கத்தைத் திருத்துகிற முறையைத்தான் மாத்திரைக்கு முன்னால் வைக்கச் சொல்கிறார்கள். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும்.

மூன்று மணிக்கு விழித்துக் கிடக்கும்போது, ஒரு கட்டிங் போட்டால் தூங்கிவிடலாமே என்ற எண்ணம் வரும். வராதவர் கிடையாது. டாஸ்மாக் திறக்கப் பகல் பன்னிரண்டு ஆகும். அதற்குள் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, யாரோடாவது பேசிவிட்டால் அந்த வேகம் பெரும்பாலும் தணிந்துவிடும். அதற்கு முன்பே எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த ஆளிடம் வீட்டுக்காரர் சார்பில் நீங்களே ஒரு வார்த்தை சொல்லி வைப்பதில் தப்பில்லை.

இதையும் மீறித் தூக்கம் வராவிட்டால் மருந்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். குடி ஆசையைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட், நால்ட்ரெக்சோன், பேக்லோஃபென், குடி ஆசையோடு தூக்கத்துக்கும் உதவக்கூடிய கேபாபென்டின் என்று வழிகள் இருக்கின்றன. ஈரல், கிட்னி பரிசோதனையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மனச்சோர்வு சேர்ந்திருந்தால் அதற்குக் கொடுக்கும் மாத்திரையே தூக்கத்தையும் சரிசெய்யலாம். தனியார் ஆஸ்பத்திரிச் செலவு கட்டுப்படியாகாவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொழுந்தனார் அடுத்து, சோற்றில் கலந்து கொடுக்கிற மாத்திரை என்று ஒன்றைக் கொண்டு வந்தால் வாங்காதீர்கள். அது டைசல்ஃபிராம். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகச் செய்யும் மருந்து. தெரிந்து, சம்மதித்துப் போடுகிறவருக்குத்தான் அது. தெரியாமல் கலந்து, அவர் தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இரவில் எதைக் கண்டால் ஓட வேண்டும்? வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத பேச்சு, இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சலோடு நடுக்கம், எழுப்பினால் எழாத தூக்கம், ரத்த வாந்தி. சேலம் இறங்க உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால் 14416-க்குப் பேசலாம். டெலி மானஸ், இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள். தூக்கம் இல்லாத இந்த வாரங்களில் அப்படிப் பேச்சு வருவது அபூர்வம் இல்லை, நீங்களாகவே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வாட்ச்மேன் வேலைக்கு அனுப்ப வேண்டாம். விழித்திருக்கிறாரே, விழித்திருக்கிற வேலையாகப் பார்க்கட்டும் என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ராத்திரி விழிப்பைச் சம்பளம் கொடுத்து நிரந்தரமாக்குவதுதான் அது. தனியாக, குளிரில், செட்டுக்குள், கையில் ஒரு பாட்டில் வந்து சேர எல்லா வசதியும் உள்ள வேலை வேறு. வலிப்பு வந்தால் பார்க்கவும் ஆளிருக்காது. களத்தில் காப்பி காயப்போடுவது, நர்சரியில் பை நிரப்புவது என்று பகலில் நாலு பேரோடு இருக்கிற வேலையாகக் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு இரவு வேலையும் வண்டி ஓட்டுவதும் கூடாது என்று மேனேஜரிடம் காட்ட ஒரு சர்ட்டிபிகேட் வேண்டுமென்று அடுத்த செக்கப்பில் கேளுங்கள், எழுதிக் கொடுப்பார்கள். குடி என்று அதில் எழுத வேண்டியதில்லை, உடல்நலக் குறைவு என்று எழுதினாலே போதும்.